நம் நாட்டில் குளிர் இல்லை என்பதால் பைபாஸ் வால்வு வேண்டாம் என்றாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் வாகனப் பகுதியில் பழைய கார்களின் பராமரிப்புப் பற்றி வெளிவரும் தொடரைத் தவறாமல் வாசித்து வருகிறேன். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்த நிலை நீடித்தபோது, கொட்டில்களில் தூசி படிந்து கிடந்த மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஹில்மன் கார்கள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. திருகோணமலையிலும் உவர்மலை, உப்புவெளிப் பக்கங்களில் இப்போது அவற்றை அடிக்கடி காணமுடிகிறது. அவற்றை வைத்திருப்போரில் பலருக்கும், அவற்றைத் திருத்தும் இளம் மெக்கானிக்குகளுக்கும் அந்தக் காலத்து எஞ்சின்களில் பழக்கம் குறைவு. ஆகவே இத்தகைய தொடர் தமிழில் வருவது வரவேற்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒயில் பில்டர் பற்றிய பகுதியில் இடம்பெற்ற இரண்டு கூற்றுகள் எஞ்சினையே பழுதாக்கக் கூடியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலாவது கூற்று, பழைய கிண்ண வகைப் பில்டரை (கிண்ணத்துக்குள் இருக்கும் வடிகட்டும் காகிதமான எலிமென்ட்டை மட்டும் மாற்றும் வகை) அகற்றிவிட்டு அதற்குரிய அடப்டரை, அதாவது இணைப்புத் துண்டை, பூட்டிவிட்டால், அதன்பின் மரை பொருந்துகின்ற எந்தத் திருகு பில்டரையும் (தகரக் கூட்டுடன் திருகிப் பூட்டி, முழுதாகவே மாற்றும் வகை) போடலாம் என்பது. இரண்டாவது கூற்று, பைபாஸ் வால்வு, அதாவது ஒயில் பில்டரைச் சுற்றிச் செல்ல வழிவிடும் வால்வு, பனி பெய்யும் நாடுகளுக்காக வைக்கப்பட்ட ஒன்று என்றும், நம் போன்ற வெப்ப நாட்டில் அதற்கு வேலையில்லை என்றும், அதை ஒரு சிறு ஆணியாலோ வொஷராலோ அடைத்துவிட்டால் ஒயில் முழுவதும் வடிகட்டப்பட்டு எஞ்சின் நீடித்து உழைக்கும் என்றும் சொல்வது. முதலாவதில் பாதி உண்மை உண்டு. இரண்டாவது முற்றிலும் தவறு. அதை நம்பி ஏற்கெனவே அடைத்துக்கொண்டவர்கள் இந்நகரிலேயே இருக்கிறார்கள்.

ஒயில் செல்லும் பாதையை முதலில் பார்ப்போம். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் உள்ள ஒயிலை, கம்பி வலை ஒன்றின் ஊடாக ஒயில் பம்ப் உறிஞ்சி எடுக்கிறது. பம்பிலிருந்து வெளிவரும் ஒயிலின் அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதற்கு அழுத்தத் தணிப்பு வால்வு ஒன்று உண்டு. கந்தளாய்க் குளம் நிரம்பினால் மிகை நீர் வான் வழியே வெளியேறுவதைப் போல, மிகையான ஒயில் அதன் வழியே சம்புக்குத் திரும்பிவிடும். 948 சிசி, 1098 சிசி எஞ்சின்களைக் கொண்ட மொரிஸ் மைனர் 1000 கார்களில், ஓடும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 இறாத்தலும், சும்மா நின்று இயங்கும்போது சுமார் 15 இறாத்தலும் இருப்பது நல்ல நிலை. பம்பைக் கடந்த ஒயில் பில்டருக்குச் சென்று, வடிகட்டப்பட்டு, பிரதான ஒயில் வழியை அடைந்து, அங்கிருந்து கிராங்க் சாப்ட்டின் மெயின் பெயாரிங்குகள், பிக் என்ட் பெயாரிங்குகள், கேம் சாப்ட், ரொக்கர் எனப் பிரிந்து செல்கிறது. பெயாரிங்குகளுக்குப் போகும் ஒயில் எல்லாம் பில்டரின் காகிதத்தைத் துளைத்தே செல்ல வேண்டும் என்பதுதான் இந்த முழு ஓட்ட முறையின் பலம். அதன் பலவீனமும் அதுவே. காகிதத்தின் ஊடாக ஒயில் போதிய அளவு செல்ல முடியாத ஒரு வேளை வந்தால், பெயாரிங்குகளுக்கு வேறு வழி கிடையாது.

அந்த வேறு வழிதான் பைபாஸ் வால்வு. பில்டருக்குள் நுழையும் ஒயிலின் அழுத்தத்துக்கும் அதைவிட்டு வெளியேறும் ஒயிலின் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடு ஓர் அளவைத் தாண்டும்போது, ஒரு ஸ்பிரிங்கை அழுத்தித் திறந்துகொண்டு, காகிதத்தைச் சுற்றி நேராகச் செல்ல ஒயிலுக்கு அது வழிவிடுகிறது. பெரும்பாலான கார்களில் அந்த வேறுபாடு சதுர அங்குலத்துக்கு 8 முதல் 20 இறாத்தல் வரையான எல்லைக்குள் அமைந்திருக்கும். அது திறந்திருக்கும் வேளையில் பெயாரிங்குகளுக்குப் போவது வடிகட்டாத ஒயில்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழுக்கான ஒயிலில் பெயாரிங் சில நிமிடங்கள் ஓடினால் சிறிதளவு தேயும். ஒயிலே இல்லாமல் அதே நிமிடங்கள் ஓடினால் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் எடைபோட்டே எஞ்சினை வடிவமைத்தவர்கள் அந்த வால்வை வைத்தார்கள்.

இனி, வெப்ப நாட்டுக் கதைக்கு வருகிறேன். கட்டுரையாளர் குளிர் என்பதை உறைபனி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். எஞ்சினைப் பொறுத்தவரை, இரவு முழுவதும் நின்ற கார் காலையில் குளிராகத்தான் இருக்கிறது. அந்தக் குளிர் 25 பாகை செல்சியஸாக இருந்தாலும் அதன் கணக்கில் அது குளிரே. பழைய கார்களுக்கு நாம் வழக்கமாக ஊற்றுவது 20டபிள்யூ-50 எனும் தடித்த வகை ஒயில். (மசகு ஒயில் கலக்கும் ஆலை ஒன்று திருகோணமலையிலேயே இயங்குகிறது என்பதால், ஒயிலைப் பற்றி ஊர்வாசிகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும்.) இத்தகைய ஒயில் 40 பாகையில் இருக்கும்போது உள்ள தடிப்பு, எஞ்சின் நன்கு சூடேறி 100 பாகையை அடையும்போது உள்ள தடிப்பைப் போல எட்டு ஒன்பது மடங்கு. நம் ஊரின் மார்கழி மழைக்காலக் காலைப்பொழுதில் ஒயில் 40 பாகையில்கூட இருப்பதில்லை. 25 பாகையை ஒட்டியே இருக்கும். தடிப்பு அதைவிடவும் பல மடங்கு கூடும். அந்த நிலையில் காரை எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓட்டினால், புதிய பில்டராக இருந்தாலும் காகிதத்தால் அவ்வளவு தடித்த ஒயிலை அந்த வேகத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. வால்வு திறக்கத்தான் செய்யும். இங்கிலாந்தில் தை மாதத்தில் அது நெடுநேரம் திறந்திருக்கும், இங்கே சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும் என்பதுதான் வேறுபாடு.

காலைக் குளிரை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் வால்வுக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. பில்டர் அடைபடுவதற்குக் குளிர் தேவையில்லை. தூசியும் கரியும் போதும். கடற்கரை மணல் பறக்கும் நிலாவெளி வீதியிலும், தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து வயல் பாதைகளிலும் நாளாந்தம் ஓடுகின்ற ஒரு பழைய எஞ்சினில், காற்று வடிகட்டி சரியாகப் பொருந்தாமல் இருந்தால், ஒயிலில் சேரும் நுண்மணல் வியப்பூட்டும் அளவுக்கு இருக்கும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்த எஞ்சினில் கரியும் சேர்ந்துகொள்ளும். ஒயில் மாற்றும் தவணையை நாம் தள்ளிப்போடுவதும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஒயிலின் விலையைப் பார்த்துத் தள்ளிப்போட்டவர்களை நான் குறைகூற மாட்டேன். அப்படி அடைபட்ட பில்டரில் வால்வையும் அடைத்துவிட்டால் என்ன நேரும்? பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். காகிதத்தின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எலிமென்ட் உள்நோக்கிச் சப்பளிந்து கிழியும். அதுவரை அது பிடித்து வைத்திருந்த அழுக்கெல்லாம், கிழிந்த காகிதத் துண்டுகளுடன் சேர்ந்து ஒரே நேரத்தில் பிரதான ஒயில் வழிக்குள் போய்ச் சேரும். முழுவதும் வடிகட்ட வேண்டும் என்று செய்த வேலை அங்கே போய் முடிகிறது.

இப்போது அடப்டர் பற்றிய கூற்று. கிண்ண வகையிலிருந்து திருகு வகைக்கு மாறுவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் மாறுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த எஞ்சினில் பைபாஸ் வால்வு எங்கே இருக்கிறது? பழைய கார்களில் அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் எஞ்சின் புளொக்கிலோ, அதில் பூட்டப்பட்ட, பில்டரைத் தாங்கும் பாகமான பில்டர் தலையிலோ இருக்கும். சிலவற்றில் கிண்ணத்தின் நடுவே ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுக்குள் ஒரு சிறு குண்டும் ஸ்பிரிங்குமாக ஒளிந்திருக்கும். திருகு பில்டருடனேயே பிறந்த பிற்கால எஞ்சின்கள் பலவற்றில் அது பில்டரின் தகரக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு பில்டரும் இவற்றுள் ஏதோ ஓர் ஏற்பாட்டுக்காகவே செய்யப்படுகிறது. வால்வை எஞ்சின் புளொக்கில் கொண்டிருந்த அமெரிக்க வி-8 எஞ்சின்களுக்கான பழைய பில்டர்களில் பெரும்பாலும் வால்வு கிடையாது; அங்கே அது குறையுமல்ல, ஏனெனில் புளொக்கில் ஒன்று இருக்கிறது.

வால்வைப் போல்ட்டுக்குள் வைத்திருந்த ஒரு கிண்ணத்தைக் கழற்றிப் போல்ட்டையும் பழைய இரும்புடன் போட்டுவிட்டு, வால்வு இல்லாத அடப்டர் ஒன்றைப் பூட்டி, அதன்மேல் வால்வு இல்லாத பில்டர் ஒன்றைத் திருகினால், அந்த எஞ்சினில் வால்வு என்பதே இல்லாமற் போகிறது. எவரும் எதையும் அடைக்கவில்லை. ஆனாலும் அடைத்ததற்குச் சமமான நிலை. கட்டுரையாளர் கூறியபடி மரை பொருந்துவதை மட்டும் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படவே படாது. ஒயில் ஒழுகாது, ஒயில் எச்சரிக்கை விளக்கு எரியாது, சத்தமும் இராது. மறுதலையாக, தலையிலும் பில்டரிலும் வால்வு இருந்தால் இரண்டில் எந்த ஸ்பிரிங் தளர்வோ அது முதலில் திறக்கும். பழைய தலையில் உள்ள ஸ்பிரிங் களைத்தும் குண்டின் இருக்கை தேய்ந்தும் போயிருந்தால், விலை உயர்ந்த பில்டரைப் போட்டும் ஒயிலில் ஒரு பெரும் பகுதி அதைத் தொடாமலே போய்க்கொண்டிருக்கும். ஒயில் கரியைப் போலக் கறுத்திருக்க, கழற்றி அறுத்துப் பார்த்த எலிமென்ட்டின் மடிப்புகள் புதிதுபோல் இருந்தால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து சில காலத்துக்கு முன் என்னிடம் காட்டுவதற்குக் கொண்டுவரப்பட்ட ஒரு மைனர் காரில், டிரக்டருக்கான அடப்டர் ஒன்று கடைந்து பொருத்தப்பட்டிருந்தது. நம் மாவட்டத்தின் வயல்களில் உழைக்கும் மாசி பெர்குசன் 35, 135 வகை டிரக்டர்களுக்கு அத்தகைய மாற்றுத் தொகுதிகள் நன்றாக விற்பனையாகின்றன. டிரக்டரில் அவை ஒழுங்காகவே வேலை செய்கின்றன. ஆனால் காரின் பில்டர் தலையில் இருந்த வால்வுத் துளைக்கு நேரே அந்த அடப்டரின் தட்டையான முகம் வந்து உட்கார்ந்து அதை மூடியிருந்தது. வேலை செய்தவர் கைதேர்ந்தவர் என்பது கடைசல் வேலையைப் பார்த்தாலே தெரிந்தது. துளை எதற்காக என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பிக் என்ட் பெயாரிங்குகளில் மேற்பூச்சு உரிந்து செம்பு நிறம் தெரியத் தொடங்கியிருந்தது.

மரை பொருந்துவது என்பதும் கட்டுரையாளர் எண்ணுவதைப் போல எளிய சங்கதியல்ல. பெரும்பாலான பிரித்தானிய அடப்டர்களும் பல டொயோட்டா எஞ்சின்களும் முக்கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 16 மரையும் கொண்ட தண்டைப் பயன்படுத்துகின்றன, அதாவது 19.05 மில்லிமீற்றர். வேறு பல ஜப்பானிய எஞ்சின்களில் 20 மில்லிமீற்றர் விட்டமும் 1.5 மில்லிமீற்றர் மரை இடைவெளியும் வரும். அமெரிக்க வகை ஒன்றில் 20.64 மில்லிமீற்றர். 20 மில்லிமீற்றர் பில்டரை முக்கால் அங்குலத் தண்டில் திருகினால் அது ஏறும். ஒழுகாமல் தடுக்கும் றப்பர் வளையமான கேஸ்கட் அழுந்தும்போது இறுகுவதைப் போலவும் தோன்றும். உண்மையில் மரைகள் ஒன்றையொன்று பிடித்திருப்பது மயிரளவுதான். 60 இறாத்தல் அழுத்தத்தில், அதுவும் காலையில் ஒயில் தடித்திருக்கும் வேளையில், அது கழன்று பறந்தால் சம்பிலுள்ள ஒயில் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் வீதியில் கொட்டிவிடும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டுப் பாதையில் அப்படி நேர்ந்தால் எஞ்சினை நிறுத்தி இறங்கிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். தண்டில் பில்டரைப் பாதி ஏற்றிவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தால் தளர்ச்சி உடனே தெரியும். மரை சரியான பில்டர் அப்படி ஆடாது. கேஸ்கட்டின் விட்டமும் அடப்டரின் முகத்தில் முழுமையாக அமர வேண்டும்.

பில்டரை வசதியான வேறிடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு குழாய்களால் இணைக்கும் அடப்டர்களைப் பற்றிக் கட்டுரை புகழ்ந்திருந்தது. வசதிதான். ஆனால் திருகு பில்டரில் ஒயில் வெளிவட்டத்துச் சிறு துளைகளால் உள்ளே சென்று நடுத்துளையால் வெளியே வர வேண்டும். குழாய்களை மாற்றிப் பூட்டிவிட்டால், எஞ்சின் நின்றபின் ஒயில் பின்னோக்கி வடியாமல் தடுப்பதற்காகச் சிறு துளைகளின் உட்பக்கம் வைக்கப்பட்டிருக்கும் றப்பர் மடல், எதிர்த்திசையில் வரும் ஒயிலுக்குக் கதவைச் சாத்திவிடும். பைபாஸ் வால்வும் அப்போது உதவாது. அதுவும் ஒரு திசையில் மட்டுமே திறப்பது. இத்தகைய அடப்டர் பூட்டியதும் கோயில் குளங்களுக்குப் புறப்படுவதற்கு முன், எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி கொயில் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டாட்டரால் சுழற்றி, ஒயில் விளக்கு அணைகிறதா என்று பார்ப்பது அவசியம்.

அழுத்தமானியை எங்கே இணைப்பது என்பதும் இதைச் சேர்ந்ததே. பல அடப்டர்களில் அதற்கென ஒரு துளை கொடுத்திருப்பார்கள். அந்தத் துளை பில்டருக்கு முன்னால் உள்ள பக்கத்தில் அமைந்திருந்தால், மானி காட்டுவது பம்பின் அழுத்தத்தை மட்டுமே. பில்டர் அடைபட அடைபட அந்த முள் மேலே ஏறும். உரிமையாளர் எஞ்சின் நல்ல பலத்துடன் இருப்பதாக மகிழ்வார். பெயாரிங்குகளோ பட்டினியில் இருக்கும். பில்டரைக் கடந்த பின் உள்ள பிரதான வழியில் இணைத்தால்தான் அந்த மானிக்குப் பொருள் உண்டு. வெறும் விளக்கை நம்பியிருப்போர், அது சில இறாத்தல் அழுத்தம் இருந்தாலே அணைந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அழுத்தம் குறைவாகத் தெரிகிறது என்று தணிப்பு வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் வொஷர்களைச் செருகும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தேய்ந்த பெயாரிங்கை அது குணப்படுத்தாது, பில்டரைத்தான் ஊதச் செய்யும். கழற்றிய பில்டரின் அடிப்பக்கம் புடைத்திருந்தால் பில்டர் விற்ற கடையுடன் சண்டைக்குப் போகாமல் தணிப்பு வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

கிண்ண வகைப் பில்டருக்காகவும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் காலாவதியான தொல்லை என்று கட்டுரை ஒதுக்கிவிட்டது. கிண்ணமும் போல்ட்டும் நல்ல நிலையில் இருக்கும் காரில் அதை மாற்ற வேண்டிய அவசியம் எதையும் நான் காணவில்லை. எலிமென்ட் மட்டுமே கழிவாகிறது. கிண்ணத்தின் அடியில் என்ன படிந்திருக்கிறது என்பதைத் தகரத்தை அறுக்காமலே பார்க்கலாம். மினுங்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்மஞ்சளாக இருந்தால் பெயாரிங் என்று அங்கேயே அறியலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் எலிமென்ட் இன்னும் அகப்படுகிறது. தொல்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி றப்பர் வளையத்தால் வருவது: தலையில் உள்ள காடியில் பழைய வளையம் கல்லாய் இறுகி ஒட்டியிருக்க, அதுதான் காடியின் அடி என்று நினைத்து அதன்மேல் புதிய வளையத்தை வைத்துவிடுவார்கள். பின்னர் ஒழுகுகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்கி மரையை அறுத்துவிடுவார்கள். கூரிய ஊசி ஒன்றால் பழைய வளையத்தைக் கிளப்பி எடுத்தால் போதும். கிண்ணத்துக்குள் ஸ்பிரிங், தட்டு, கம்பளி வொஷர் ஆகியவை எந்த வரிசையில் இருந்தனவோ அந்த வரிசையிலேயே திரும்ப வர வேண்டும். அந்த வொஷர் விடுபட்டால் ஒயில் எலிமென்ட்டின் ஓரத்தால் நழுவிப் போய்விடும், அதுவும் ஒருவகையில் எப்போதும் திறந்த பைபாஸ்தான். கடற்காற்றின் உப்பு கிண்ணத்தை அரித்துத் துளைத்திருந்தால் மட்டும், நம் ஊரில் அது நடப்பதுதான், அடப்டருக்கு மாறுவது நியாயமே.

பழைய எஞ்சின்கள் பில்டர் இல்லாமலே ஓடின, ஆகவே இதையெல்லாம் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்று கட்டுரையின் இறுதியில் ஒரு வரி இருந்தது. ஓடின என்பது மெய். அமெரிக்காவில் ஏர்னஸ்ட் சுவீட்லாண்ட், ஜோர்ஜ் கிரீன்ஹால்க் ஆகியோர் கார் எஞ்சினுக்கான ஒயில் பில்டரை உருவாக்கியது 1923ஆம் ஆண்டில்தான். அடுத்த ஆண்டு வெளிவந்த கிறைஸ்லர் காரில் அது இடம்பெற்றது. அதன் பின்னரும் நெடுங்காலம், ஒயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் வடிகட்டிச் சம்புக்குத் திருப்பி அனுப்பும் பகுதி ஓட்டப் பில்டர்களே வழக்கில் இருந்தன. அந்த வகையில் பில்டர் முற்றாக அடைபட்டாலும் பெயாரிங்குகளுக்குப் போகும் ஒயில் நிற்காது, ஏனெனில் அது அந்தப் பாதையில் இருப்பதே இல்லை. வொக்ஸ்வாகன் பீற்றிலில் கம்பி வலை மட்டுமே உண்டு; அதன் இரண்டரை லீற்றர் ஒயிலை ஏறத்தாழ 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அதற்குக் கொடுக்கப்படும் விலை. பில்டர் இல்லாத எஞ்சினுக்குப் பைபாஸ் வால்வு தேவைப்படாமல் இருந்ததைக் காட்டி, முழு ஓட்டப் பில்டர் உள்ள எஞ்சினுக்கும் அது வேண்டாம் என்று முடிவுகட்டுவது எப்படிப் பொருந்தும்?

கடைக்குப் போகும் வாசகருக்கு இதில் என்ன செய்யமுடியும் என்று கேட்கலாம். பில்டரின் நடுத்துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால், பலவற்றில் அடியில் ஸ்பிரிங்கும் சிறு தட்டும் தெரியும், அதுவே வால்வு. மரைப் பக்கத்தில் வால்வு வைத்த பில்டர்களில் அது அவ்வாறு தெரியாது என்பதால், தெரியாததைக் கொண்டு இல்லையென்று முடிவு செய்ய முடியாது. பழையது ஒன்றை வாளால் அறுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. அடப்டரிலோ தலையிலோ உள்ள வால்வைச் சிறு மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே சென்று தானாகத் திரும்பி வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் மெக்கானிக்கின் மனநிலை ஒத்துழைக்க வேண்டும் என்பதையும் நான் அறிவேன். அதனால்தான் பெட்டியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

இன்று நம் கடைகளில் விற்கப்படும் பில்டர் பெட்டிகள் பலவற்றில் காரின் பெயரும் ஓர் இலக்கமுமே காணப்படுகின்றன. மரையின் அளவு, வால்வு உண்டா இல்லையா, அது திறக்கும் அழுத்தம், பின்வடிதலைத் தடுக்கும் மடல் உண்டா என்பவை இல்லை. இவை உற்பத்தியாளருக்குத் தெரியாதவை அல்ல, ஐ.எஸ்.ஓ. 4548 தரநிலையின் இரண்டாம் பகுதி பில்டரின் பைபாஸ் வால்வைச் சோதிப்பதற்காகவே வகுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களின் சுட்டுத்துண்டு பற்றிப் பணிப்புரை வழங்க இடமளிக்கிறது. உணவுப் பொதியில் அடங்கியிருப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்க முடிகின்ற நாட்டில், பில்டர் பெட்டியில் இந்த நான்கு விபரங்களையும் அச்சிடுமாறு இறக்குமதியாளர்களைக் கேட்பது பெரிய கோரிக்கையல்ல. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் இதில் அக்கறை காட்டலாம். மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையங்கள் பழைய எஞ்சின்களை வகுப்பிலிருந்து அகற்றிவிட்டு மின்னணு எரிபொருள் முறைகளுக்கு மட்டும் இடங்கொடுப்பதும் மறுபரிசீலனைக்குரியது. வால்வுள்ள பில்டர் ஒன்றையும் இல்லாத பில்டர் ஒன்றையும் அறுத்து மேசையில் வைத்தால் அரைமணி நேரத்தில் மாணவர்களுக்கு விளங்கிவிடும், அதற்குச் செலவும் இல்லை.

தங்களிடம் நான் கேட்பது, அத்தொடரின் அடுத்த பகுதியுடன் மேற்படி இரண்டு கூற்றுகளுக்கும் திருத்தம் வெளியிட வேண்டும் என்பதே. கட்டுரையை நம்பி வால்வை ஏற்கெனவே அடைத்துவிட்ட வாசகர்கள், அடுத்த ஒயில் மாற்றம் வரை காத்திராமல் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்ற வரியையும், கண்ணில் படக்கூடிய எழுத்தில், அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகனத் தொழில்நுட்பப் போதனாசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.